வீட்டிலிருந்து வேலை, கதவுக்கு வெளியே குழந்தை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"அம்மா, கக்கா வந்துடுச்சு!"

சொன்னது என் மகள். கேட்டவர்கள் பதினான்கு பேர், சாஃப்ட்வேர் ரிலீஸ், அதாவது வெளியீடு பற்றிய வீடியோ கூட்டத்தில். அதில் நால்வர் வாடிக்கையாளர் தரப்பு, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மீதிப் பத்துப் பேருக்கும் நன்றாகத் தெரியும். மைக்கை அணைக்க மறந்திருந்தேன். சாட்டில் உடனே ஒரு செய்தி வந்தது: "முதல்ல அதைப் பாருங்க, ரிலீஸ் எங்கயும் போகாது."

அப்போது அவளுக்கு மூன்று வயது. இப்போது ஐந்து. அண்ணனுக்கு ஒன்பது. தாம்பரம் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு. கணவர், மாமியார், நான். எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து. இந்த இரண்டு வருடத்தில் செய்து பார்த்ததில் உருப்படியாக நின்றவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். இந்த வாரம்தான் வீட்டிலிருந்து வேலையைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் இதே வரிசையில் செய்து பாருங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குழந்தை உள்ளே வருவதை முழுக்க நிறுத்த முடியாது. 2017 மார்ச்சில் தென்கொரியாவின் பூசான் நகரில் பேராசிரியர் ராபர்ட் கெல்லி தன் வீட்டு அறையிலிருந்து பிபிசிக்கு நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். அந்நாட்டு அதிபரின் பதவி நீக்கம் பற்றிய கனமான பேச்சு. மஞ்சள் சட்டை போட்ட மகள் கையை வீசி ஆடிக்கொண்டே உள்ளே வந்தாள். அவள் பின்னாலேயே நடைவண்டியில் கைக்குழந்தை. அதற்கும் பின்னால் சறுக்கியபடி ஓடிவந்து இரண்டையும் இழுத்துப்போன அம்மா. உலகமே பார்த்துச் சிரித்தது. அந்த வீடியோவை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகள் எதையும் கெடுக்க வரவில்லை. அப்பாவின் குரல் கேட்டது, வந்தார்கள், அவ்வளவுதான்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. நாம் ஆபீஸுக்குக் கிளம்பிப் போனால் குழந்தை கொஞ்சம் அழும், பிறகு அடங்கிவிடும். வீட்டிலேயே இருந்துகொண்டு "இல்லை" என்றால் அதற்குப் புரிவதில்லை. செருப்பு வாசலில் கிடக்கிறது, குரல் கேட்கிறது, கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறது, ஆனால் அம்மா இல்லையாம். வந்து வந்து பார்ப்பது அடம் இல்லை, ஆள் இருக்கிறதா என்று சரிபார்ப்பது. ஆகவே நீங்கள் எப்போது இருக்கிறீர்கள், எப்போது இல்லை என்பதைக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும்படி செய்யவேண்டும். கீழே உள்ள பெரும்பாலான வேலைகள் அதற்குத்தான்.

முதல் மூன்று நாள்: எண்ணுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பி மேசையில் வையுங்கள். குழந்தை ஒவ்வொரு தடவை வரும்போதும் மணியையும் காரணத்தையும் இரண்டு சொல்லில் குறியுங்கள். என் தாள் ஒன்று இன்னும் டிராயரில் கிடக்கிறது:

10.40 பசி. 10.55 தண்ணி. 11.10 சும்மா. 11.15 அண்ணன் பென்சில். 12.05 சும்மா. 12.20 சும்மா. 4.10 பசி. 4.30 பாட்டி தூங்குறாங்க. 4.35 சும்மா.

எழுதும்வரை நாள் முழுக்க வருகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இரண்டே வேளைதான்: பதினொன்றை ஒட்டி, நாலை ஒட்டி. இரண்டுமே பசி நேரம். பசியில் தொடங்கி, வந்த ருசியில் திரும்பத் திரும்ப வருகிறாள். 12.05 சும்மாவுக்குக் காரணம் நானே. பன்னிரண்டு மணிக்கு டீ போட அடுக்களைக்குப் போனேன், அவள் பார்த்துவிட்டாள். பாட்டியோடு நிம்மதியாக இருந்த குழந்தையை நானே கிளப்பிவிட்டு, திரும்பக் கதவைச் சாத்தினால் விடுவாளா? அன்றிலிருந்து ஃபிளாஸ்க்கில் டீ, பெரிய பாட்டிலில் தண்ணீர், இரண்டும் காலையிலேயே என்னோடு அறைக்குள் வந்துவிடும். ஒரு ஃபிளாஸ்க் எனக்குக் கொடுத்த நிம்மதியை எந்தப் புத்திமதியும் கொடுத்ததில்லை.

உங்கள் தாளில் வேறு மாதிரி இருக்கலாம். சண்டைதான் அதிகம் என்றால் இரண்டு குழந்தைகளையும் பிரித்து உட்காரவைக்க வழி தேடுங்கள். "சும்மா" அதிகம் என்றால் அடுத்து வருவதை ஒழுங்காகப் படியுங்கள்.

போயிட்டு வரேன்

நம் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. சொன்னால் பாட்டி திட்டுவாள். "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லவேண்டும். திரும்பி வருவேன் என்பதும் அதிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் விட்டுவிட்டது இந்த ஒரு சொல்லைத்தான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அறைக்குள் நழுவுகிறோம். குழந்தை விளையாட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் ஆளைக் காணோம். இனி விடாது.

நான் செய்வது இது. ஒன்பதே காலுக்கு ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டுவேன். அதற்கு முன் பதினைந்து நிமிடம் அவளுடையது. போன் அடுக்களை அலமாரி மேலே இருக்கும், அவள் சொல்கிற விளையாட்டு எதுவோ அது. பெரும்பாலும் நான் பேஷண்ட், அவள் டாக்டர், எனக்கு எப்போதும் காய்ச்சல், எப்போதும் ஊசி. பிறகு அட்டை. அதை அவள்தான் மாட்டிவிடவேண்டும். வாசல் கதவைத் திறந்து நான் வெளியே போவேன், அவள் டாட்டா காட்டுவாள், "போயிட்டு வரேன்" சொல்வேன். படிக்கட்டு வரை போய், ஒரு நிமிடம் நின்று, திரும்பி வந்து நேராக அறைக்குள் போய்விடுவேன்.

நான் உள்ளே வருவதை அவள் பார்க்கிறாளே, அப்புறம் என்ன பிரயோசனம் என்று கணவர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குழந்தையை ஏமாற்றுவதற்காக இதைச் செய்யவில்லை. அட்டை போட்ட அம்மா வேறு, அட்டை போடாத அம்மா வேறு என்று அவளோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. சொப்பில் மண்ணைப் போட்டுக் கொடுத்து "சாப்பிடு" என்கிற வயதுக்கு இந்த மாதிரி ஒப்பந்தம் ஒன்றும் கஷ்டமில்லை. முதல் வாரம் இரண்டு நாள் அழுதாள். இரண்டாவது வாரத்திலிருந்து நான் தாமதமாகக் கிளம்பினால் அவளே அட்டையைத் தேடி எடுத்துவந்து நின்றாள். எதிர்வீட்டு மாமி மட்டும் தினமும் படிக்கட்டில் போய் நின்றுவிட்டு வருகிற என்னை ஒரு மாதிரி பார்ப்பார். சரி, பார்க்கட்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது அட்டையைக் கழற்றிவிடுங்கள். திரும்பப் போகும்போது மாட்டிக்கொள்ளுங்கள். அட்டையை மாட்டிக்கொண்டே அடுக்களையில் நின்று குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தம் ஒரே நாளில் செத்துப்போகும்.

இடம், கதவு, ரிப்பன்

சாப்பாட்டு மேசையில் உட்காராதீர்கள். வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய அது வேண்டாம். வீட்டின் நடு இடம் அது, எல்லோரும் கடந்து போவார்கள். படுக்கையறையில் ஒரு மடக்கு மேசை போதும். ஒரே அறை உள்ள வீடு என்றால் சுவர்ப் பக்கம் பார்த்து உட்காருங்கள், நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டுங்கள். குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரியாமல் இருப்பதைவிட உங்கள் முகம் அதற்குத் தெரியாமல் இருப்பதுதான் முக்கியம்.

கதவுப் பிடியில் எங்கள் வீட்டில் ரிப்பன் தொங்கும். சிவப்பு என்றால் கூட்டம், உள்ளே வரக்கூடாது. பச்சை என்றால் கதவைத் தட்டிவிட்டு வரலாம், அம்மா தட்டச்சு வேலைதான் செய்கிறாள். ஆரம்பத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். நாள் முழுக்கச் சிவப்பையே கட்டிவிட்டேன். நாலாவது நாள் அது ரிப்பனாகவே அவள் கண்ணில் படவில்லை. ஒரு நாளைக்குச் சிவப்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் அதற்கு மதிப்பு கிடையாது. பச்சை கட்டியிருக்கும்போது வந்தால் நிஜமாகவே திரும்பிப் பார்த்து, அரை நிமிடமாவது பேசி அனுப்பவேண்டும். பச்சையிலும் "போ, போ" என்றால் சிவப்புக்கு எதற்குக் காத்திருப்பாள்?

இன்னொன்று, தாழ்ப்பாள். நம் வீட்டு அறைக் கதவுகளில் வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். ஒரு நாள் என்னை வெளியிலிருந்து பூட்டிவிட்டாள். கோபத்தில் இல்லை, "அம்மா ஆபீஸ் பத்திரமா இருக்கட்டும்" என்று. மாமியார் மாடியில் வடகம் காயப்போடப் போயிருந்தார். கூட்டத்தில் பேசிக்கொண்டே போனில் கணவருக்குச் செய்தி அனுப்பி, அவர் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டு, அவர்கள் வந்து திறந்தார்கள். வீட்டு வாசல் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று சாயங்காலமே ஸ்குரூ டிரைவரால் அந்த வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். குளியலறையில் உள்பக்கத் தாழ்ப்பாளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

டப்பா

பசிக்கு மருந்து டப்பா. பள்ளிக்குக் கட்டுவது போலவே காலையில் இரண்டு டப்பா கட்டிவிடுங்கள். ஒன்று பதினொன்றுக்கு, இன்னொன்று நாலுக்கு. குழந்தையின் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள், பக்கத்தில் சின்ன சொம்பில் தண்ணீர். கொய்யாத் துண்டு, சுண்டல், இட்லியை வெட்டிப் பொடியில் புரட்டியது, எதுவானாலும் சரி, அவளே திறந்து சாப்பிடக்கூடியதாக இருக்கவேண்டும். மூடி இறுக்கமான டப்பா என்றால் அதைத் திறக்கவே உங்களிடம் வந்து நிற்பாள், எனக்கு நடந்திருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சுண்டலையும் சின்னக் குழந்தைக்கு மசித்துத்தான் கொடுக்கவேண்டும்.

விளையாட்டும் திரையும்

விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் பரப்பினால் குழந்தை எதையும் விளையாடாது. நான்கு பழைய கூடைகளில் பிரித்துப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று, மற்ற மூன்றும் பரணில். எங்கள் கூடைகளில் இருப்பது: சொப்பு சாமான் ஒன்றில், கட்டிடக் கட்டைகள் ஒன்றில், கல்யாணப் பத்திரிகைகளும் முனை மழுங்கிய கத்தரிக்கோலும் பசையும் ஒன்றில், பொம்மைகளும் பாட்டியின் பழைய சேலைத் துண்டுகளும் ஒன்றில். பத்திரிகைக் கூடைதான் அதிக நேரம் ஓடுகிறது. தங்க எழுத்து, பிள்ளையார், வாழைமரம் எல்லாம் வெட்டி ஒட்டி அவள் செய்த "கல்யாணம்" பதினேழு பக்கத்துக்கு வந்துவிட்டது. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும் சோழியும் மூன்று வயதுக்குப் பிறகுதான்.

திரை விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. டிவியே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. 2 முதல் 4 வயதுக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றது. அந்த ஒரு மணி நேரத்தைக் காலை ஒன்பது மணிக்கே செலவழித்துவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. அது துருப்புச் சீட்டு. அன்றைய நாளின் மிகக் கடினமான கூட்டம் எதுவோ, அதற்காக வைத்திருங்கள். முடிப்பதை நிமிடக் கணக்கில் சொல்லாமல் கதைக் கணக்கில் சொல்லுங்கள். "இருபது நிமிஷம்" என்றால் பாதிக் கதையில் நிறுத்தவேண்டி வரும், பிறகு வீடு அதிரும். "ரெண்டு கதை" என்றால் அது முடியும் இடத்தில் முடியும். அடுத்தது தானாக ஓடுவதை முன்பே அணைத்துவிடுங்கள்.

எதற்கு வரலாம், எப்படி வரலாம்

"முக்கியமான விஷயத்துக்கு மட்டும் வா" என்று சொல்வதில் அர்த்தமில்லை. நாலு வயதில் பென்சில் முனை உடைவது முக்கியம்தான். நான் நான்கே சொன்னேன்: ரத்தம், நெருப்பு அல்லது கேஸ் வாசம், யாராவது விழுந்தது, கக்கா. இந்த நான்குக்கும் சிவப்பு ரிப்பனானாலும் கதவைத் தள்ளிக்கொண்டு வரலாம், அம்மா திட்ட மாட்டாள். அப்படி வந்தபோது நான் ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. விழுந்தது பொம்மை என்று தெரிந்த அன்றும்.

மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு சைகை. சத்தமில்லாமல் வந்து என் முழங்கையைத் தொடவேண்டும். நான் அவள் கையின் மேல் என் கையை வைப்பேன். "நீ வந்தது தெரியும், இரு" என்று அதற்கு அர்த்தம். பேச்சில் இடைவெளி கிடைத்ததும் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்புவேன். இதை வேலை நாளில் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள், வராது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் விளையாட்டு விளையாடுங்கள். நீங்கள் பழைய அட்டைப்பெட்டியை லேப்டாப்பாக வைத்து "ஹலோ, ஹலோ" என்று பேசுங்கள், அவள் வந்து தொடட்டும். பிறகு அவள் ஆபீஸ், நீங்கள் குழந்தை. நான் குழந்தையாகி அவள் முழங்கையைத் தொட்டபோது அவள் என்னைக் காக்கவைத்த நேரம் இருக்கிறதே, மேனேஜர் தோற்றார்.

முதலில் பத்து விநாடிக்கு மேல் காக்கவைக்காதீர்கள். போகப் போக அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று கூட்டலாம்.

எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இன்னும் சுலபம். கேள்வியைச் சீட்டில் எழுதிக் கதவுக்குக் கீழே தள்ளலாம். என் மகனிடமிருந்து வந்த சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். "அம்மா பல்லி எத்தனை முட்டை போடும்?" என்று ஒன்று. பெரும்பாலும் ஒரு தடவைக்கு இரண்டு, எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. "பாப்பா என்னைப் பார்த்துகிட்டே இருக்கா" என்று இன்னொன்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சீட்டுக்கு அன்றைக்குள் பதில் போகவேண்டும் என்பது மட்டும்தான் விதி.

"அப்புறம்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "ரெண்டு நிமிஷம்" என்பதையும். குழந்தைக்கு அப்புறம் என்பது எப்போது என்று தெரியாது, நமக்கும் தெரியாது. "பெரிய முள் ஆறுக்கு வந்ததும்" என்று சொல்லுங்கள். முள் வைத்த சுவர்க் கடிகாரம் ஒன்றை அதற்கென்றே ஹாலில் மாட்டுங்கள். சொன்ன நேரத்துக்குக் கூட்டம் முடியவில்லையா? எழுந்து கதவைத் திறந்து, "முடியலை, முள் எட்டுக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பத்து விநாடி வேலை. சொல்லாமல் விட்டால் அடுத்த தடவை முள்ளை யாரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் இருக்கும் மற்றவர்கள்

ஹாலில் அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். குழந்தை அவரைத் தாண்டி, பாட்டியைத் தாண்டி, சாத்திய கதவைத் தள்ளி வந்து என்னிடம் தண்ணீர் கேட்கிறது. இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை என்று தெரியும். இதில் குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யார் கொடுத்துப் பழக்கினார்களோ அவரிடம்தான் கேட்கும். மாற்ற ஒரே வழி, அட்டை போட்டிருக்கும் அம்மா தண்ணீர் தர மாட்டாள் என்று ஆக்குவது. "இப்ப அப்பாதான் அம்மா" என்று கணவரே குழந்தையிடம் சொல்லவேண்டும், நான் சொன்னால் செல்லாது. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை யார் பொறுப்பு என்று முந்தின இரவே இருவரும் காலண்டரைப் பார்த்துப் பேசிவிடுவோம். "பார்த்துக்கலாம்" என்று விட்ட நாளெல்லாம் பார்த்துக்கொண்டது நான்தான்.

மாமியாரிடம் நேராகக் கேட்டேன்: "அத்தை, பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும் உங்களால முடியுமா? முடியலைன்னா சொல்லுங்க, வேற ஏற்பாடு பண்றேன்." வீட்டில்தானே இருக்கிறார் என்று நாமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. முழங்கால் வலியோடு ஓடுகிற குழந்தையின் பின்னால் ஓடுவது எளிதில்லை. அவர் மதியம் ஒன்றரைக்குப் படுப்பார், அந்த நேரத்தில் நான் முக்கியமான கூட்டம் வைப்பதில்லை. பதிலுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தேன். "உள்ள போனா அம்மா அடிப்பா" என்று மட்டும் சொல்லவேண்டாம் என்று. ஆபீஸ் அறையைப் பூச்சாண்டி வீடாக்கிவிட்டால், நெருப்பு பிடித்தால்கூடக் குழந்தை சொல்ல வராது. இப்போது அவர் "அம்மா ஆபீஸ் போயிருக்கா" என்கிறார். சீரியல் சத்தத்தைக் குறைப்பது பற்றிய பேச்சுவார்த்தை தொடர்கிறது.

நேரத்தை வெட்டி ஒட்டுவது

வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் கடிகாரம்தான் பெரிய எதிரி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. லண்டனில் 9 என்றால் நமக்கு 1.30 அல்லது 2.30. அமெரிக்கக் கூட்டம் சரியாகப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்க நேரத்தில் வந்து விழுகிறது. அவர்கள் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தைத் திருப்பும்போது நம் வீட்டு அட்டவணை ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். ஏன் திடீரென்று குழந்தை நச்சரிக்கிறது என்று ஒரு நவம்பர் முழுக்கக் குழம்பினேன். அரை மணி முன்னால் இரவுச் சாப்பாடு, கூட்டத்துக்கு முன்பே கதை, தூங்கவைப்பது அப்பா என்று மாற்றியதும் சரியானது.

தலையைக் குடைகிற வேலையைக் குழந்தை தூங்கும்போதோ பள்ளியில் இருக்கும்போதோ வையுங்கள். மின்னஞ்சல், அட்டவணை நிரப்புவது போன்றவை பச்சை ரிப்பன் நேரத்துக்கு.

ஆபீஸில் சொல்வது

மேனேஜரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்: வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, இன்ன நேரத்தில் என்னால் பேச முடியாது, அதற்குப் பதில் இன்ன நேரத்தில் கிடைப்பேன். காலண்டரில் அந்த நேரத்தை அடைத்துவிடுங்கள். மழுப்பி மழுப்பிச் சமாளிப்பதைவிட இது நல்லது.

விரல் பழகவேண்டிய குறுக்குவழிகள் சில உண்டு. கூகுள் மீட்டில் கன்ட்ரோல் டி மைக், கன்ட்ரோல் இ கேமரா. டீம்ஸில் கன்ட்ரோல் ஷிஃப்ட் எம் மைக். ஜூமில் ஆல்ட் ஏ மைக், ஆல்ட் வி கேமரா. இவை விண்டோஸுக்கு. மவுஸைத் தேடி, பொத்தானைத் தேடி, அதற்குள் கக்கா செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஜூமில் மைக்கை அணைத்தே வைத்து, பேசும்போது மட்டும் ஸ்பேஸ் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம்.

குழந்தை வந்துவிட்டால் "ஒரு நிமிடம், குழந்தை வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்டால்தான் கூட்டம் கெடும். கேமரா முன்னால் குழந்தையை முறைக்காதீர்கள். முறைப்பு நன்றாகவே தெரியும்.

தனியாக, மிகச் சின்னக் குழந்தையோடு

இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை, வீட்டில் வேறு ஆள் இல்லை, எட்டு மணி நேர வேலை. இதற்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. ரிப்பனும் டப்பாவும் அந்த வயதுக்கு ஒன்றுமில்லை. அரை வாளித் தண்ணீரே ஆபத்து. பாதி நாளுக்காவது இன்னொரு பெரியவர் வேண்டும். ஊரிலிருந்து அம்மா, தெரிந்த ஆயா, பக்கத்துக் காப்பகம், யாராவது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் இரண்டு வயதிலிருந்து சேர்க்கிறார்கள், மதியச் சாப்பாடும் உண்டு. போய்ப் பாருங்கள், "நமக்கு அது சரிவராது" என்று பார்க்காமலே ஒதுக்காதீர்கள்.

2017-ல் மகப்பேறு நலச் சட்டத்துக்கு வந்த திருத்தம் பலருக்கு 26 வார விடுப்பாக மட்டும்தான் தெரியும். அதில் இன்னும் இரண்டு உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தரவேண்டும், தாய் நாளில் நான்கு தடவை அங்கே போய் வரலாம். விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளில் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். உங்கள் நிறுவன மனிதவளப் பிரிவில் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம்.

தினமும் காலையில் ஒரு சுற்று: குளியலறை வாளி காலியா, கேஸ் வால்வு மூடியிருக்கிறதா, பால்கனிக் கதவு சாத்தியிருக்கிறதா, ரிமோட்டின் பின்மூடி கழன்றிருக்கிறதா. பட்டன் பேட்டரியை விழுங்கினால் கூட்டம், ரிலீஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக மருத்துவமனைதான்.

வேலை முடிந்ததும்

அட்டையைக் கழற்றி, லேப்டாப்பை மூடி, அறைக்கு வெளியே வந்து "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அடுத்த இருபது நிமிடம் போனைத் தொடாதீர்கள். பையை வைத்த கையோடு போனை எடுக்கிற ஆபீஸ்காரர்களைப் பார்த்திருப்பீர்கள், நாம் அதைச் சட்டைகூட மாற்றாமல் செய்கிறோம். வரும்போது ஆபீஸிலிருந்து ஏதாவது வாங்கிவந்தாயா என்று கேட்பாள். நான் ஒரு பென்சிலோ, அச்சடித்த தாளின் வெற்றுப் பக்கமோ கொடுப்பேன்.

காய்ச்சல் நாளில் இதெல்லாம் செல்லாது. விடுப்பு எடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளும் அப்படித்தான். காலை 9 மணிக்கு மின்சாரம் போனால் மதியம்தான் வரும். வைஃபை ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் இருந்தாலும் மின்விசிறி இல்லாத குழந்தை பாட்டியிடம் நிற்காது. அறிவிப்பு பேப்பரில் முன்கூட்டியே வரும், அன்றைக்கு ஆபீஸுக்கே போய்விடுவது உத்தமம்.

கோடை விடுமுறை தொடங்கும்போதும், ஜூனில் பள்ளி திறக்கும்போதும் பசி நேரம், தூக்க நேரம், சண்டை நேரம் எல்லாம் மாறும். அப்போது காலண்டர் தாளை மறுபடி எடுங்கள். இந்த மே மாதத் தாளில் எனக்குக் கிடைத்தது: 11.20 பசி, 11.40 ஐஸ், 11.45 ஐஸ், 11.50 அண்ணனுக்கும் ஐஸ்.